ஒலிவத் தோப்பில் முதல் நாள்கள்

தாம் உண்ணும் உணவு எங்கு விளைகின்றது, எவர் உழைப்பால் விளைகின்றது என்பதை அறியாமலே வாழ்நாளைக் கழிப்போர் தொகை, நகரங்கள் பெருகப் பெருக மிகுந்து வருகின்றது. கடையில் அடுக்கி வைத்துள்ள எண்ணெய்ப் புட்டியைக் காண்பவர்க்கு அதன் விலை தெரியும். அதனுள் அடங்கிய உழைப்புத் தெரிவதில்லை. இக்குறையை உணர்ந்த நகரமாந்தர் சிலர், கூலி பெறாமல் பண்ணைகளுக்குச் சென்று வேலை செய்யும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இன்று பரவியுள்ளது.

இவ்வழக்கம் ஓர் இயக்கமாக உருப்பெற்றது இங்கிலாந்து நாட்டில் ஆகும். இலண்டன் மாநகரில் செயலாளராகப் பணியாற்றிய சூ காப்பர்ட் என்னும் பெண்மணி, நாட்டுப்புறத்தின்பால் பெருவிருப்பம் உடையவர். ஆயினும், அங்குச் சென்று தங்கி உழைப்பதற்கு வாய்ப்பு இன்றி இருந்தார். தம்மைப் போன்றோர் பலர் நகரில் இருத்தல் வேண்டும் என்று எண்ணிய அவர், 1971-ஆம் ஆண்டு சசெக்ஸ் வட்டாரத்தில் எமர்சன் கல்லூரியைச் சார்ந்த பண்ணையில் ஒரு வார இறுதி நாள்களில் வேலை செய்ய ஏற்பாடு செய்தார். முதன்முதல் சென்றவர் நால்வரே. இயற்கைப் பண்ணைகளில் வார இறுதி வேலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அவ்வியக்கம் 'வூஃப்' என வழங்கப்பெற்றது. நால்வரோடு தொடங்கிய இவ்வியக்கம் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேரூன்றியுள்ளது.

இதன் ஏற்பாடு எளியது. செயற்கை உரமும் நச்சு மருந்தும் இடாமல் பயிர் செய்யும் உழவர், தம் இல்லத்தில் விருந்தினரை ஏற்றுக்கொள்வர். விருந்தினர் நாள்தோறும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை உழவரோடு சேர்ந்து வேலை செய்வர். உழவர் அவர்க்கு உணவும் உறையுளும் தந்து, தாம் அறிந்த தொழிலையும் கற்பிப்பர். இரு திறத்தாரிடையேயும் பணம் கைமாறுவதில்லை. எழுத்தில் இவ்வளவே அடங்கும். ஆனால், நகரத்திலிருந்து செல்வோர்க்கு முதல் சில நாள்கள் எத்தகையனவாக அமையும் என்பது எழுத்தில் அடங்காது. இத்தாலி நாட்டு ஒலிவத் தோப்பு ஒன்றிற்கு இலண்டனிலிருந்து சென்ற இளந்தம்பதியர் இருவரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ளது டஸ்கனி மாநிலம். அது குன்றுகள் நிறைந்த நாடு. குன்றின் சரிவுகளில் கல்லடுக்கிக் கரை கட்டி, படிப்படியாக நிலம் அமைத்து, அவற்றில் திராட்சையும் ஒலிவமும் பயிர் செய்கின்றனர். ஒலிவ மரத்தின் இலை மேற்புறம் பசுமையாகவும் கீழ்ப்புறம் வெள்ளி போன்றும் இருக்கும். காற்று வீசும்போது தோப்பு முழுவதும் ஒருகணம் வெள்ளியாகவும் மறுகணம் பச்சையாகவும் தோன்றும். அக்டோபர், நவம்பர்த் திங்கள்கள் அங்குக் காய் பறிக்கும் பருவம் ஆகும்.

அப்பருவத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை, அத்தம்பதியர் குன்றின்மேல் இருந்த கல்வீட்டை வந்தடைந்தனர். இருவரும் அலுவலகங்களில் எழுத்து வேலை செய்தவர். வீட்டில் முதிய உழவரும் அவர் மனைவியும் மகளும் வாழ்ந்தனர். மகள் ஒருத்தியே ஆங்கிலம் அறிந்தவள். அன்றிரவு உணவில் வைத்த ரொட்டியில் உப்பே இல்லை. சமைத்தவர் மறந்துவிட்டார் போலும் என்று தம்பதியர் எண்ணினர். உப்பிடாமல் ரொட்டி சுடுவதே அம்மாநிலத்தின் பழைய வழக்கம் என்பதைப் பின்னரே அறிந்துகொண்டனர்.

மறுநாட் காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் வேலை தொடங்கிற்று. மரத்தடியில் பெரிய வலைகளை விரித்தனர். கைச்சீப்புப் போன்ற கருவியால் கிளைகளைக் கோதினால் காய்கள் வலையின்மேல் உதிரும். சரிவான நிலமாதலால் வலையின் கீழ் விளிம்பைக் குச்சிகளால் உயர்த்திக் கட்டுதல் வேண்டும். இல்லையேல், காய்கள் அடுத்த படிநிலத்திற்கு உருண்டோடிவிடும். கணவன் கட்டிய விளிம்பு அவிழ்ந்து ஒரு கூடைக்காய் புல்லில் சிதறியது. மனைவி ஏணியினின்று இறங்கி வலையின்மேல் நடந்தாள். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காலடியில் நசுங்கிய காய் ஒன்றை எடுத்து, அதை மோந்து பார்க்குமாறு அவளிடம் நீட்டினார். பிறகு, கால்களைத் தூக்கி வைக்காமல் வலையோடு இழைத்து நகரும் முறையைத் தாமே நடந்து காட்டினார். தோலுடைந்த காய் விரைவில் புளிக்கும். புளித்த காய் எண்ணெயின் சுவையையே கெடுக்கும். இவ்வுண்மையை மகள் பின்னர் விளக்கினாள்.

நன்கு கறுத்த ஒரு காயைக் கணவன் வாயில் இட்டுப் பார்த்தான். அதன் கசப்புத் தாங்காமல் துப்பினான். மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். ஒலிவக் காயை உப்புநீரிலோ வேறு முறையிலோ பலநாள் பதப்படுத்தினாலன்றி உண்ண இயலாது என்பதை அவன் அறிந்திலன்.

மாலையில் இருவர்க்கும் தோள்கள் கடுத்தன. உள்ளங்கைகளில் கொப்புளங்கள் எழுந்தன. அவர்கள் இருவரும் சேர்ந்து பறித்த காய் 60 கிலோ. முதியவர் ஒருவரே, அவர்க்குக் கற்பித்துக்கொண்டே, அதனினும் மிகுதியாகப் பறித்திருந்தார். அன்றைய காய்கள், அதே முறையில் பயிர் செய்யும் அண்டை வீட்டார் காய்களோடு சேர்ந்து இரவே ஆலைக்குச் சென்றன.

புதன்கிழமை விடியலில் மழை பெய்தது. நனைந்த காய்களைப் பறித்துப் பெட்டியில் அடைத்தல் ஆகாது. ஆதலின், தம்பதியர் விறகு அடுக்கினர், பெட்டிகளைக் கழுவினர். வேலையினிடையே கணவன் மனைவியிடம், "இத்தொழிலை நம்மினும் விரைவாகச் செய்வோர் இவ்வூரில் பலர் இருப்பர். நாம் பறிக்கும் காயின் மதிப்பைவிட நாம் உண்ணும் உணவின் மதிப்பு மிகுதி போலும். உதவ வந்தோம் என்று சொல்லிக்கொண்டு இவர்க்குச் சுமையாக இருப்பது முறையோ?" என்றான். அவளும் அதையே எண்ணியிருந்தாள். இருவரும் மகளிடம் சென்று ஒளிக்காமல் கேட்டனர்.

அவளும் ஒளிக்காமல் விடை கூறினாள்: "முதல் மூன்று நாள்கள் வருவோர் எங்களுக்குச் சுமையே. என் தந்தை தம் வேலையை நிறுத்திவிட்டன்றோ உங்களுக்குக் கற்பிக்கின்றார்! நான்காம் நாள் முதல் சுமை குறையும். வெள்ளிக்கிழமை இரவு ஆலையில் எங்கள் முறை. குறித்த எடைக்குக் குறைந்தால் எங்கள் காயைத் தனியே ஆட்டமாட்டார். மருந்து தெளித்த பிறர் காயோடு கலந்துவிடுவர். ஆண்டு முழுவதும் நாங்கள் காத்த தூய்மை ஒரே இரவில் போய்விடும். நீங்கள் போவதாயின் இன்றே சொல்லுங்கள். வேறு இருவரைத் தேடுவோம். இருப்பதாயின் வெள்ளிக்கிழமை வரையேனும் இருங்கள்."

தம்பதியர் உடனே விடை கூறவில்லை.

பிற்பகலில் மழை ஓய்ந்தது. முதியவர் அவர்களைத் தோப்பின் நடுவே அழைத்துச் சென்றார். அங்கிருந்த மரங்களுள் பல, ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளாகப் பிரிந்து வளர்ந்திருந்தன. அவற்றின் நடுவே பழைய அடிமரத்தின் வெட்டுவாய் பட்டுப்போய்க் காணப்பட்டது. முதியவர் தம் மொழியில் சொல்ல, மகள் அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தாள்.

1985-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் டஸ்கனியில் கடுங்குளிர் தாக்கிற்று. சில இடங்களில் குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகையையும் கடந்தது. மரங்களின் பட்டைகள் வெடித்தன. பல இலட்சம் ஒலிவ மரங்கள் பட்டுப்போயின. அவற்றை வேரோடு பெயர்த்துவிட்டு வேறு தொழில் நாடியோர் உண்டு. வேறு பலர் மரத்தைத் தரைமட்டமாக வெட்டிவிட்டுக் காத்திருந்தனர். ஒலிவத்தின் மேற்பகுதி மடிந்தாலும் வேர் எளிதில் மடிவதில்லை. அடியில் உயிர் எஞ்சியிருந்த மரங்கள் புதிய தளிர்களை விட்டன. அவற்றுள் நல்லன மூன்று நான்கை நிறுத்திப் பிறவற்றைக் களைந்தனர். அவை மீண்டும் நிறைய காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அவ்வாறு காத்திருந்தவருள் அம்முதியவரும் ஒருவர். "முதற் சில ஆண்டுகள் இம்மரமும் எனக்குச் சுமையாகத்தான் இருந்தது" என்று கூறி, அவர் அத்தண்டைத் தட்டிக்கொடுத்தார்.

அன்றிரவு மனைவி, மூதாட்டியின் அருகே நின்று பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டே மகளிடம், "வெள்ளிக்கிழமை வரை அன்று; காய் பறித்து முடியும்வரை இருப்போம்" என்றாள்.

வியாழனும் வெள்ளியும் வானம் தெளிந்திருந்தது. வலையை எவ்வாறு மடிப்பது, எக்கிளையை முதலில் கோதுவது என்பதை இப்போது எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கணவன் கட்டிய விளிம்பு அவிழவில்லை. ஐவரும் இரண்டு நாள்களில் பறித்த காய் 600 கிலோ. அவற்றுள் தம்பதியர் பறித்தது 200 கிலோவாகும். வெள்ளிக்கிழமை மாலை இருட்டுமுன் பெட்டிகள் வண்டியில் ஏறின. ஆலையார் குறித்த எடைக்கு அவை போதுமானவையாக இருந்தன.

ஆலையில், முதலில் காற்றால் இலைகளை அகற்றிக் காய்களைக் கழுவினர். பின்னர் அவற்றைக் கொட்டையோடு அரைத்து, அவ்விழுதை மெல்லப் பிசைந்தனர். பிசையும்போது வெப்பம் 27 பாகைக்கு மேற்படாமல் காத்தனர். வெப்பம் மிகுந்தால் எண்ணெய் மிகுதியாக வரும். ஆனால், மணமும் குணமும் குன்றும். இறுதியில் விரைந்து சுழலும் எந்திரம் சக்கையையும் நீரையும் வேறாக்க, இளம்பச்சை நிறத்தில் எண்ணெய் ஒழுகியது. 100 கிலோ காயிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 15 லிட்டர் எண்ணெயே கிடைக்கும். முதல்நாள் தாம் இருவரும் கொப்புளம் எழப் பறித்த காய் எட்டு லிட்டர் அளவே ஆகும் என்று கணக்கிட்ட கணவன் வியப்புற்றான். இலண்டனில் வாங்கிய புட்டியின் விலை மிகுதி என்று அவன் முன்னர்க் குறைகூறியது உண்டு.

நள்ளிரவில் வீடு திரும்பியதும் மூதாட்டி ரொட்டித் துண்டுகளை அனலில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, உப்புத் தூவி, புதிய எண்ணெயை நிறைய ஊற்றினார். அது தொண்டையைச் சற்றே காறியது. நல்ல புதிய எண்ணெய்க்கு அக்காறலே அடையாளம். உப்பில்லா ரொட்டியின் குறை அப்போது எவர்க்கும் தோன்றவில்லை.

இத்தகைய ஏற்பாட்டில் இரு தீமைகள் நேர்தல் கூடும். உழவர், கூலியாளை நீக்கிவிட்டு விருந்தினரைக் கொண்டே வேலை முழுவதையும் வாங்குவாராயின், அஃது உழைப்பாளியின் ஊதியத்தைப் பறிப்பதாகும். விருந்தினர், செலவின்றித் தங்கி ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு இதனைக் கருவியாக்குவாராயின், அஃது உழவரின் விருந்தோம்பலைச் சுரண்டுவதாகும். இவ்விரண்டையும் விலக்குவதற்குச் சட்டதிட்டங்கள் மட்டும் போதா. சுமையாக இருக்கின்றோமா என்று கேட்கும் துணிவு வந்தவர்க்கும், உண்மையை மறைக்காமல் சொல்லும் துணிவு வரவேற்றவர்க்கும் வேண்டும்.

பிறர்க்கு உதவச் செல்வோர் பலர், கொடுப்பவர் தாமே என்று எண்ணிச் செல்கின்றனர். முதல் சில நாள்கள் அவ்வெண்ணத்தை மாற்றிவிடும். கற்பிப்பவர் தம் பொழுதையும் பொறுமையையும் முதலில் கொடுக்கின்றார். கற்பவர் அதனைப் பெற்றுக்கொண்ட பின்னரே திருப்பிக் கொடுக்கும் தகுதியைப் பெறுகின்றார். அவ்விடைக்காலத்தில் நாணி ஓடிவிடாமல் நிலைத்து நிற்பவரே தொழிலைக் கற்கின்றனர்.