வவ்வாலும் கழிமலரும்

பௌத்த நெறியைத் தழுவிய நாம் பகவன் திருவுருவின்முன் மலரிட்டு வணங்குகிறோம். அம்மலரைத் தூயதென்றும், வவ்வாலை அமங்கலமென்றும் எண்ணும் பழைய வழக்கம் நம்மை விட்டு அகன்றதா? இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வதே இப்பாடம்.

அந்தமான் தீவுகளின் கழிகளில், உவர்ச் சேற்றில் வேரூன்றி வளர்வது சொன்னரேசியா என்னும் அலையாத்தி மரம். அதன் பூ அந்திப்பொழுதில் விரியும். வெண்ணிறக் கேசரங்கள் தூரிகைபோல் பரந்து நிற்க, நடுவிலுள்ள கிண்ணத்தில் தேன் ஊறும். விடிந்தபின் கேசரங்கள் உதிர்ந்துவிடும். ஓரிரவே அப்பூவின் வாழ்வு. அத்தீவுகளில் தேனுண்ணும் குகை வவ்வாலும் வாழ்கிறது. பகலெல்லாம் குகையிருளில் தொங்கி, இரவில் வெளிப்பட்டு, நீண்ட நாவினால் தேன் பருகுவது அதன் இயல்பு.

மலர் நின்றவிடம் பெயராதது. வவ்வால் நெடுந்தொலைவு பறப்பது. ஒன்று மரத்தின் உறுப்பு, மற்றொன்று பாலூட்டி. வேற்றுமை இத்துணை இருந்தும், இவற்றைப் பிணைக்கும் உறவு ஒன்று உண்டு. தமிழர் நன்கறிந்த மலேயாவின் பத்துமலைக் குகைகளில் இவ்வின வவ்வால்களை ஆராய்ந்தோர் 1976இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடற்கரைச் சொன்னரேசியா மலர்களையும் அவை நாடிச் செல்கின்றன என்பது அதனால் தெரியவந்தது. தேன் பருகுங்கால் மகரந்தம் அவற்றின் மயிரிற் படிந்து அடுத்த பூவைச் சேர்கிறது. காயும் விதையும் உண்டாகின்றன. மலர் வவ்வாலுக்கு உணவு; வவ்வால் மலருக்குச் சந்ததி. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று நிலைபெறும் என்னும் சார்பிற்றோற்றத்திற்கு இஃது ஓர் எளிய சான்று.

ஆயினும் மனிதர் செய்ததென்ன? நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வவ்வால்களைக் காக்கை, எலி ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. தேனுண்ணும் இவ்வினமும் அக்குடும்பத்ததே. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அப்பட்டியலை நீக்கியது. ஏட்டில் எழுதிய இழிவை நீக்க ஐம்பதாண்டு ஆயிற்று. உள்ளத்தில் எழுதியது இன்னும் நீங்கவில்லை.

பிறப்பைக் காட்டி இழிவு சுமத்துவதன் கொடுமையை நம்மினும் அறிந்தவர் யாவர்? 1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம்மம் ஏற்றது அவ்விழிவைத் துறப்பதற்கன்றோ? நம்மீது சுமத்தியதை மறுத்த நாமே வேறோர் உயிர்மீது அதனைச் சுமத்துதல் தகுமா? அந்தியில் நம் வீட்டின்மேல் வவ்வால் பறக்கக் கண்டால், கல்லெடுக்கும் பிள்ளைக்கு இவ்வுறவை எடுத்துரைப்போம். நாம் ஏற்ற முதற்சீலம் அவ்விடத்திலேயே தொடங்குகிறது.