பந்தாட்டக் களமும் பிரதிநிதி சபையும்

விளையாட்டிற் பெற்ற புகழ் தேச சேவைக்குத் துணையாகுமோ என்பது நாம் ஆராயத்தக்கதொரு வினா. தென் அமெரிக்காவிலுள்ள பெரு என்னும் தேசம் இதற்கு நல்லதோர் உதாரணம் தருகின்றது.

1988-ஆம் ஆண்டு சியோல் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், அத்தேசத்துப் பெண்கள் கைப்பந்துக் குழுவினர் இறுதிப் போட்டியிற் சோவியத் குழுவினரை எதிர்த்தனர். முதலிரண்டு ஆட்டங்களையும் வென்றும், பின் மூன்றையும் இழந்தனர். கடைசி ஆட்டம் 15-க்கு 17 என்னும் கணக்கிற் கைநழுவிற்று. வெள்ளிப் பதக்கமே கிட்டியது.

அக்குழுவில் ஆடிய செசிலியா தாயித் 2000-ஆம் ஆண்டிலும், கபிரியேலா பெரேஸ் தெல் சோலார் 2006-ஆம் ஆண்டிலும் தேசியப் பிரதிநிதி சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். 2011-ஆம் ஆண்டுத் தேர்தலின்பின் இருவரும் வெவ்வேறு கட்சியினராய் ஒரே சபையில் வீற்றிருந்தனர். வலையின் ஒரு புறத்தே சேர்ந்து நின்றோர் கொள்கையில் வேறுபட்டு நிற்றலும் கூடும் என்பது இதனாற் புலனாகும்.

புகழ் வாக்குகளை ஈட்டித் தரலாம். சட்டங்களைக் கற்கும் உழைப்பை அது தராது. ஆயினும் ஆட்டத்தின் விதிகள் நமக்கு ஒன்று போதிக்கின்றன. கைப்பந்தாட்டத்தில் எவரும் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. மூன்று தொடுகைக்குள் அதனை எதிர்ப்புறம் சேர்ப்பித்தல் வேண்டும். நிற்கும் இடமும் முறைப்படி மாறிக்கொண்டேயிருக்கும். குடியாட்சியிற் பதவியும் அத்தன்மையதே. அதனைத் தமதென்று பற்றிக்கொள்ளாது, தம் முறை வந்தபோது செவ்வனே ஆற்றி, அடுத்தவரிடம் ஒப்புவிப்பவரே நல்ல பிரதிநிதியாவர். மாலைதோறும் களத்தில் இறங்கும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.