இடதுபக்க இருக்கையிலிருந்து தொடங்குங்கள்

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில், ராலி ஆசை வந்த இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி கார் என்ன விலை ஆகும் என்பதுதான். பதிலைக் கேட்டதும் பாதிப் பேர் சோர்ந்து திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேரில் பலர் கடன்பட்டு ஒரு பழைய காரை வாங்கி, சீக்கிரமே நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்கிறார்கள். இரு சாராருமே கணக்கைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள் என்பது, இந்த விளையாட்டையும் அதில் இருப்பவர்களையும் கவனித்து நான் வந்து சேர்ந்த முடிவு. கார் வாங்குவது ஒருமுறை ஆகும் செலவு. ஆளைச் சாய்ப்பது ஒவ்வொரு போட்டிக்கும் திரும்பத் திரும்ப ஆகும் செலவு. ராலியின்மேல் தீராத ஆசையை உண்டாக்கும் விஷயங்களோ பெரும்பாலும் இந்த இரண்டு செலவுக்கும் வெளியே இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் மாதச் சம்பளக்காரராக இருந்தாலும் நெடுங்காலம் இந்த விளையாட்டில் இருக்க முடியும்.

காசு எங்கே போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஷோரூமிலிருந்து வரும் கார் அப்படியே ராலிக்கு ஆகாது. உருண்டால் கூரை நசுங்காமலிருக்க உள்ளே குழாய்களால் ரோல் கேஜ் பின்னி வெல்டு வைக்க வேண்டும். பக்கெட் சீட், பல முனைகளில் பூட்டும் பெல்ட், தீயைத் தாங்கும் உடை, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி என்று எல்லாமே இரண்டிரண்டு வேண்டும். ஓட்டுநருக்கு ஒன்று, இடதுபக்கம் அமர்ந்து வழிக்குறிப்பு வாசிக்கும் நேவிகேட்டருக்கு ஒன்று. சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரை பெற்ற சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. கார் ஓடாமல் கொட்டகையில் கிடந்தாலும் அந்தத் தேதி வந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் போட்டிக்கு முந்தைய பரிசோதனையிலேயே காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்க சம்ப் கார்டு, மேடு பள்ளத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், ஒரே போட்டியில் தேய்ந்துபோகும் டயர்கள், கூடவே வரும் மெக்கானிக்குகளுக்குச் சாப்பாடு, தங்குமிடம், வண்டிக்கூலி என்று பட்டியல் நீள்கிறது. வேகத்தைக் கூட்டுவதற்கான செலவு இதில் இன்னும் சேரவில்லை. உயிரைக் காப்பதற்கும் கார் நடுவழியில் நிற்காமலிருப்பதற்கும் ஆகும் செலவு மட்டுமே இவ்வளவு.

வெளியே தெரியாத செலவுகளும் உண்டு. உங்கள் மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். போட்டி ஓட்டம், வேகச் சோதனை, தாங்குதிறன் சோதனை ஆகியவற்றில் வண்டியைப் பயன்படுத்தினால் அந்த இழப்பு பாலிசியில் வராது என்று எழுதியிருக்கும். ஸ்டேஜில், அதாவது பந்தயத்துக்காக மூடிய சாலைப் பகுதியில், மரத்தில் மோதினால் முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான். அடுத்தது வண்டியில் செய்யும் மாற்றங்கள். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநில மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்பது ஊரறிந்தது. ஆகவே முழுதாக ராலிக்கு மாற்றிய காரை எங்கள் உதியன்குளங்கரையிலிருந்து கோவைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சென்னைக்கு என்றால் 700 கிலோமீட்டருக்கு மேல். போட்டி நடக்கும் ஊரிலேயே வசிப்பவருக்கும் கடைக்கோடியில் இருக்கும் நமக்கும் இடையே, பந்தயம் தொடங்குவதற்கு முன்பே இந்த லாரி வாடகை நிற்கிறது.

இதெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டு என்பது பழைய எதிர்வாதம். வரலாறு அதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயன், பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனின் தந்தை. கோவையில் கார்ப் பந்தயத்தை வளர்த்த கரிவர்தன் லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆலையும் பட்டறையும் பக்கத்திலேயே இருந்த ஊரில் இந்த விளையாட்டு வேர்விட்டது தற்செயலல்ல. ஆனால் அதே கரிவர்தன்தான் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற எளிய பந்தயக் காரை வடிவமைத்து, வசதி குறைந்தவர்களும் பந்தயத்துக்குள் வர வழி திறந்தார். செலவு என்பது இயற்கையின் விதி இல்லை, விதிமுறை எழுதுபவர்கள் கையில் இருக்கும் ஒன்று என்பதற்கு உள்ளூர்ச் சான்று இது. உலக அளவிலும் அதே பாடம்தான். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவில் 2022-இல் கொண்டுவந்த ஹைபிரிட் அமைப்பை 2024-ஆம் ஆண்டோடு எடுத்துவிட்டார்கள். 2027-க்கான புதிய விதிகளில் காரின் விலைக்கு 3,45,000 யூரோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகையும் நமக்கு எட்டாத உயரம்தான். ஆனால் பெரிய நிறுவனங்கள் மோதும் உச்சியிலேயே செலவுக்குக் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது என்றால், சொந்தக் காசில் ஓடுபவர் தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளாமல் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

அந்த வரம்பை எப்படி வைப்பது? சொந்தமாகப் புதிதாக ராலி காரைக் கட்டாதீர்கள் என்பது நான் அழுத்திச் சொல்லும் முதல் ஆலோசனை. கட்டியவர் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வராது, ஏனென்றால் அதை வாங்கும் ஆட்கள் மிகக் குறைவு. அதே காரணத்தால், விளையாட்டைவிட்டு விலகும் ஒருவரிடம் கேஜ், சீட், உதிரி டயர்களோடு கட்டி முடித்த காரை வாங்கினால், அவர் செலவழித்ததில் ஒரு பகுதிக்குக் கிடைத்துவிடும். பழைய கார் என்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. கென்யாவில் வாழ்ந்த மெக்கானிக் ஜோகிந்தர் சிங், தம்பி ஜஸ்வந்த் சிங்கோடு 1965-ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது ஏற்கெனவே பந்தயத்தில் அடிபட்ட ஒரு பழைய வோல்வோ பி.வி. 544 காரில். அதே ராலியை 1974-இலும் 1976-இலும் மறுபடி வென்றார். காரைத் தன் கையால் பிரித்து மாட்டத் தெரிந்தவர் என்பது அவருக்கு எந்தப் பணத்தைவிடவும் பெரிய பலமாக இருந்தது. இரண்டாவது ஆலோசனை: கையிலிருக்கும் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று கார், ஒன்று அந்த ஆண்டின் போட்டிச் செலவுகள், ஒன்று ஒரு பெரிய மோதலுக்குப் பிறகான பழுதுபார்ப்பு. மூன்றாவது பங்கு கையில் இல்லை என்றால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. வீட்டுக்கடன் தவணையையோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையோ தொட்டு ஓடும் பந்தயத்தில் பயம் வேறு திசையிலிருந்து வரும். அது ஓட்டத்தையும் கெடுக்கும், குடும்பத்தையும் கெடுக்கும்.

இவ்வளவு செலவு இருந்தும் ராலி ஏன் சாகவில்லை? மான்டி கார்லோ ராலி தொடங்கியது 1911-இல். நூறாண்டுக்குப் பிறகும் பெரும்பாலானவர்களுக்குச் சம்பாதிக்க வழியில்லாத இந்த விளையாட்டில் மனிதர்கள் விரும்பி இறங்குகிறார்கள். வேகம்தான் ஈர்ப்பு என்பதை நான் ஏற்பதில்லை. வேகம் வேண்டுமென்றால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோவையின் கரி மோட்டார் ஸ்பீடுவேயிலோ கிடைக்கும். பந்தயத் தடத்தில் ஒரே வளைவு சுற்றுக்குச் சுற்று வரும். பத்தாவது முறை அது பழக்கமாகிவிடும். ராலியில் ஒரு வளைவை வேகத்தோடு சந்திக்கும்போது அது எப்படி இருக்கும் என்பது நீங்கள் எழுதிவைத்த குறிப்பில் மட்டுமே இருக்கிறது. போட்டிக்கு முன் சாதாரண வேகத்தில் சாலையைப் பார்வையிட்டு, ஒவ்வொரு வளைவின் கூர்மையையும், மேட்டையும், அடுத்த வளைவுக்கான தூரத்தையும் பேஸ் நோட்டாக எழுதுகிறார்கள். பிறகு சிக்மகளூர் காப்பித் தோட்டத்துச் சாலையில் புழுதிக்கு நடுவே, பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும் அந்த வரியை நம்பி, கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் காரை விட வேண்டும். எதிராளி உங்கள் அருகில் இல்லை. கார்கள் நிமிடக் கணக்கில் இடைவெளிவிட்டுக் கிளம்புகின்றன. உங்களுக்கும் சாலைக்கும் உங்கள் குறிப்புக்கும் இடையில்தான் போட்டி. இந்த நம்பிக்கையைக் கடையில் வாங்க முடியாது, அதனால்தான் பெரிய பட்ஜெட் உள்ள அணிக்கும் சிறிய அணிக்கும் இது ஒரே அளவுக்குக் கடினமாக இருக்கிறது.

ராலியின் விதிகளும் வெறும் வேகத்துக்குப் பரிசு தருவதில்லை. ஸ்டேஜுகளுக்கு இடையே பொதுச்சாலையில் சாதாரணப் போக்குவரத்து விதிகளைப் பின்பற்றித்தான் ஓட்ட வேண்டும். நேரம் பதியும் இடத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் 10 விநாடி தண்டனை; ஒரு நிமிடம் முன்னதாக வந்தால் முழு ஒரு நிமிடம். அவசரத்துக்குத் தாமதத்தைவிட ஆறு மடங்கு தண்டனை என்ற இந்த ஒரு விதியில் ராலியின் குணம் முழுவதும் இருக்கிறது என்பேன்.

குறிப்பும் நேரக் கணக்கும் இவ்வளவு முக்கியம் என்றால், செலவு குறைந்த வாசல் எங்கே என்பதும் தெரிந்துவிடுகிறது: நேவிகேட்டர் இருக்கை. நேவிகேட்டருக்குக் கார் தேவையில்லை. ஹெல்மெட், உடை, உரிமம், நேரத்தைக் கணக்கிடும் தலை, கலங்காத குரல், இவை போதும். கேரளத்தின் வடகோடி எல்லையான காசர்கோட்டைச் சேர்ந்த மூசா ஷெரீஃப் தேசிய ராலி பட்டங்களை நேவிகேட்டர் இருக்கையிலிருந்து வென்றவர். கௌரவ் கில் போன்ற முன்னணி ஓட்டுநர்கள் அவர் வாசிப்பை நம்பி ஓட்டியிருக்கிறார்கள். தென்கோடி எல்லையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அவரைவிட நல்ல முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த இருக்கை யாருக்கும் மூடியதில்லை: சென்னை, மும்பை போன்ற நகரங்களில் பார்வையற்றவர்கள் பிரெயிலில் அச்சிட்ட வழிக்குறிப்பை விரலால் படித்து நேவிகேட்டராக இருக்கும் ராலிகள் நடக்கின்றன. இவை பெரும்பாலும் டி.எஸ்.டி. வகை, அதாவது நேரம், வேகம், தூரம் மூன்றையும் வைத்து நடப்பவை. சட்ட வரம்புக்குள் ஒரு சராசரி வேகத்தைக் கொடுப்பார்கள். அந்தக் கணக்குக்கு முந்தாமலும் பிந்தாமலும் வருபவர் வெற்றி பெறுவார். வீட்டில் நிற்கும் காரே போதும், கேஜ் வேண்டாம், லாரி வேண்டாம். இது உண்மையான ராலி இல்லை என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. வழிக்குறிப்பைப் படிப்பது, வழி தவறினால் பதறாமல் மீள்வது, இருவர் ஒரே மனதாக வேலை செய்வது என்று ராலியின் மையமான திறமைகள் அத்தனையும் இங்கே பழகுகின்றன. ஸ்டேஜ் ராலிக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பழக்கம் வீண்போகாது.

இன்னொரு எதிர்வாதம் எங்கள் ஊரில் அடிக்கடி கேட்பது: எதற்கு இவ்வளவு கட்டணமும் பரிசோதனையும், முக்கோலையிலிருந்து காரோடு ஊர் வரை புது பைபாஸ் கிடக்கிறதே, ராத்திரியில் ஓட்டிப் பார்க்கலாமே என்பது. இதை நான் கோபத்தோடுதான் எதிர்கொள்கிறேன். பொதுச்சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், அந்த நேரத்தில் மீன் சந்தைக்குப் போகும் பெண்ணும், டியூட்டி முடிந்து திரும்பும் நர்ஸும் எதிரே வருகிறார்கள். அவர்கள் யாரும் உங்கள் பந்தயத்தில் பெயர் கொடுக்கவில்லை. சாலையை மூடுவது, ஒவ்வொரு வளைவிலும் மார்ஷல்களை நிறுத்துவது, ஆம்புலன்ஸும் டாக்டரும் காத்திருப்பது ஆகியவற்றுக்குத்தான் ராலியில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அவ்வளவு செய்தும் போதாமல் போகலாம். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேரில், தேசிய ராலி நடந்துகொண்டிருந்த பாதைக்குள் ஒரு பைக் வந்துவிட்டது. அதில் வந்த ஒரே குடும்பத்தின் மூன்று பேர் இறந்தார்கள். ராலியை நேசிப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கக்கூடாது. அதிலிருந்து நான் எடுப்பது ராலியை நிறுத்த வேண்டும் என்ற முடிவை அல்ல. பாதுகாப்புக்கு ஆகும் செலவில் ஒரு ரூபாயையும் குறைக்கக்கூடாது, அதைத் தர முடியாத அமைப்பாளர் நடத்தவே கூடாது என்பதை. கட்டணம் மலிவாக இருக்கும் போட்டியைக் கண்டால் சந்தோஷப்படுவதற்கு முன், எந்தச் செலவைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஓட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பாதி ஆமாம். 2004-இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி என்ற விளையாட்டை இன்றும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள். காதில் விழும் குறிப்புக்குக் கை பழகுவதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது. அடிபட்டால் பணம் போகாது. ஆனால் அடிபட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற அந்த நிம்மதியே, நேவிகேட்டரை நம்ப வேண்டிய கட்டாயத்தையும் பிரேக்கை எப்போது தொடுவது என்ற நிதானத்தையும் கற்றுத்தராமல் விட்டுவிடுகிறது. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாக வேண்டாம்.

நம் பக்கத்துச் சாலைகள் டி.எஸ்.டி. ராலிக்கென்றே போட்டதுபோல் இருக்கின்றன. உதியன்குளங்கரையிலிருந்து தனுவச்சபுரம், வெள்ளறடை, அம்பூரி வழியாக நெய்யாறு அணை வரை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கணக்குப் பிசகவைக்கும் திருப்பங்களும் பிரிவுகளும் ஏராளம். போலீஸ் அனுமதியோடு, நிதான வேகத்தில், ஒரு ஞாயிறு காலையில் இதை நடத்த உள்ளூர் கிளப்புகள் முன்வர வேண்டும். ஆசைப்படும் தம்பி, தங்கைகளே, நடக்கும் ராலி ஒன்றுக்கு முதலில் மார்ஷலாகப் பெயர் கொடுங்கள். கொடி பிடித்து வெயிலில் நில்லுங்கள். பிறகு யாராவது ஒருவருக்கு நேவிகேட்டராக ஒரு சீசன் உட்காருங்கள். சொந்தக் கார் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.