புல்வெளியில் ஒரு பெரும்பாறை

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், கால்கரி நகருக்குத் தெற்கே ஓக்கோடோக்ஸ் என்னும் ஊர் உள்ளது. அதன் மேற்கே சமவெளியில் ஒரு பெரும்பாறை தனித்துக் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 41 மீட்டர். அகலம் 18 மீட்டர். உயரம் 9 மீட்டர். எடை 16,500 டன் என்பர். இரு பெருந்துண்டங்களாகப் பிளந்து கிடக்கும் இப்பாறையே ஊருக்குப் பெயர் தந்தது. பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் அச்சொல் பாறையைக் குறிக்கும்.

அம்மக்களிடையே வழங்கும் கதை ஒன்று உண்டு. நாப்பி என்பான் வெயிலில் இளைத்து இப்பாறைமீது இளைப்பாறினான். நன்றியாகத் தன் போர்வையைப் பாறைக்கு அளித்தான். பின்னர் மழையும் குளிரும் வரவே, கொடுத்ததைத் திரும்பக் கேட்டான். பாறை மறுத்தது, நாப்பி பறித்துச் சென்றான். சினந்த பாறை உருண்டு அவனைத் துரத்தியது. இறுதியில் வௌவால்கள் மோதிப் பாறையைப் பிளந்தன. வௌவாலின் முகம் சப்பையானதும் அதனால்தான் என்பது கதை. கொடுத்ததை மீளப் பெறுதல் இழிவென்பது நபிமொழியும் உணர்த்தும் அறமாதலின், இக்கதையின் உள்ளீடு நமக்கு அயலானதன்று.

இனி, நிலவியலார் கூறுவதைக் காண்போம். குவார்ட்சைட் என்னும் இக்கல்வகை சுற்றுப்புற நிலத்துக்கு உரியதன்று. ஜாஸ்பர் பகுதி மலைச்சரிவிலிருந்து பனியாற்றின்மேல் சரிந்து விழுந்த பாறை, பனியின் முதுகிலேயே பயணம் செய்தது. கிழக்கிலிருந்து வந்த பெரும்பனிப்படலம் தடுக்கவே, பனியாறு தெற்கே திரும்பியது. 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே பனி உருகியபோது, பாறை இங்குத் தங்கிவிட்டது. இதனோடு வந்த கற்கள் மலையடிவாரம் நெடுக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரே நிரலாகக் கிடக்கின்றமை இதற்குச் சான்றாகும்.

இவ்விரண்டையும் ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். பாறை இவ்விடத்துக்கு உரியதன்று, வேறிடத்திலிருந்து நகர்ந்து வந்தது என்பதில் கதையும் ஆய்வும் ஒன்றுபடுகின்றன. கூர்ந்து நோக்கியோரே இத்தகைய வினாவை எழுப்ப இயலும். எனவே, வாய்மொழிக் கதைகளை வெறும் கற்பனையென ஒதுக்குதல் தகாது. அதே வேளையில் கதையை நிலவியற் சான்றாகக் கொள்ளுதலும் பொருந்தாது. ஒன்று அறம் உரைக்கிறது. மற்றொன்று காரணம் உரைக்கிறது.

பாறையில் முன்னோர் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் மங்கிய நிலையில் உள்ளன. ஏறுவோரின் காலடியும் கைத்தடமும் அவற்றை அழித்துவிடும். பனியும் காற்றும் விட்டுவைத்ததை நாம் அழித்தல் முறையாகுமா? அங்குச் செல்வோர் கீழே நின்று கண்டு மீள்வதே அப்பாறைக்கும் அம்மக்களுக்கும் செய்யும் மரியாதையாகும்.