ஸ்வரமும் விசையும்

கர்நாடக சங்கீதத்தை மேனாட்டாரின் ஐங்கோட்டில் எழுதுதல் புதுமையன்று. 1893ஆம் ஆண்டிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனங்களை அம்முறையில் அச்சிட்டு வெளியிட்டார். வன்னியில் அதன் தேவை இன்று வேறொரு வழியாக வந்துள்ளது. 2009ஆம் ஆண்டில் முடிந்த போரிலே பாட்டுக் கொப்பிகளை இழந்த குடும்பங்கள் பல. நினைவில் எஞ்சியவற்றை எழுதிவைக்குமிடத்து, அயல்நாடுகளில் ஐங்கோட்டைப் பயிலும் பேரப்பிள்ளைகளும் வாசிக்கத்தக்கதாய் எழுதுதல் நன்றன்றோ?

இதற்கு, விலையின்றிக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருளை நாம் கையாளுகின்றோம். ஸட்ஜத்தை மேனாட்டாரின் சி என்னும் ஸ்வரமாகக் கொண்டால், வாய் ‘ரி’ என்று பாட விரல் டி விசையை நாடவேண்டும். காந்தாரத்தை எண்ணி ஜி விசையை அழுத்தினாலோ பஞ்சமம் விழும்! நினைவிலிருந்து எழுதும் முதியவர் விசையைத் தேடும் கணத்தில் சங்கதி நழுவிவிடும். பிறகு அது மீளுவது அரிது.

ஆதலின் விசைகளையே நம் ஸ்வரங்களின் முதலெழுத்துக்கு மாற்றிக்கொள்வோம். எடிட் என்பதன் கீழுள்ள பிரிஃபரன்ஸஸ் பகுதியில் ஷோர்ட்கட்ஸ் என்னும் அட்டவணை உண்டு. ஸ்வரம் இடும் செயலை அதில் தெரிந்து, டிஃபைன் என்பதைச் சொடுக்கிப் புதிய விசையை அழுத்துக.

ஆயின் ஒழுங்கு முக்கியம். முதலில் பஞ்சமத்தைப் பி விசைக்கு மாற்றியபின்பே ஜி விசையைக் காந்தாரத்துக்குக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறே ரிஷபம் ஆர் விசைக்குப் போனபின் டி தைவதத்துக்கு ஆகும். எஸ், ஆர், என் ஆகியவற்றுக்கும் முன்னரே வேறு தொழில்கள் உள. அவற்றுள் என் விசையே ஸ்வரம் எழுதும் நிலையைத் திறப்பது; அத்தொழிலுக்கு வேறு விசை கொடாமல் நிஷாதத்தை அங்கே இருத்தினால் அந்நிலையை விசையால் திறக்க இயலாது. குடியிருப்பவருக்கு மாற்றிடம் கொடாமல் எழுப்பலாகாது என்பதை வன்னி மக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

மாயாமாளவகௌளையில் தொடங்குவோர், ரிஷபமும் தைவதமும் மட்டும் அரைச்சுரம் தாழ்ந்த சுருதிக் குறியொன்றைத் தாமே அமைத்து முதலில் இடலாம். ஒவ்வொரு முறையும் கீழ்நோக்கிய அம்பு விசையை அழுத்தும் தொல்லை ஒழியும். மொத்தக் கால அளவைத் தெரிந்தபின் கன்ட்ரோலுடன் 3 திஸ்ரத்தையும், 5 கண்டத்தையும் தரும். இவற்றை மாற்றத் தேவையில்லை. கமகத்தை எவ்விசையும் தாராது. அதற்குக் குருமுகமே கதி.

கன்ட்ரோலுடன் எல் அழுத்திச் சாகித்தியத்தைத் தமிழில் எழுதிய பின், விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மீட்க மறவற்க. மறந்தால் ஸ்வர விசைகள் பணியா.

ஒருமுறை பொதுக் கணினியொன்றில் இம்மாற்றங்களைச் செய்து அப்படியே விட்டுவந்தோம். மறுநாள் வாத்தியக் குழுப் பிள்ளைகள் எழுதிய அணிநடைப் பாட்டு முழுவதும் இடம்மாறிய ஸ்வரங்களாய் ஒலித்ததாம். அதுமுதல் எக்ஸ்போர்ட் என்பதால் எமது விசை அமைப்பைத் தனிக் கோப்பாக்கிச் சட்டைப்பையில் கொண்டுசெல்கின்றோம். வேலை முடிந்ததும் கணினியைப் பழைய நிலைக்கு மீட்டே எழுகின்றோம்.