கல்லாவில் கூட்டம் தேங்காமல் இருக்க

பாப்பா, மாரண்டஹள்ளியில் கடை போடுவதென்றால் சாயங்காலம் ஆறு மணியை மனதில் வைத்துத்தான் கல்லாவை அமைக்க வேண்டும். பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளி போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், வேலை முடிந்து பஸ் இறங்குகிறவர்கள் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். பாதிப் பேர் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் இருக்கும்.

ரொக்கம் என்றாலே நேரமாகும் என்று நினைக்காதே. சில்லறை இல்லாத கல்லாவில்தான் நேரமாகும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களைக் காலையிலேயே தனித்தனியாக அடுக்கி வை. மீதிக்குப் பதில் மிட்டாய் நீட்டாதே, அது அவர்கள் காசு.

போனில் அனுப்புகிறவர்களுக்கு, சாமான் கட்டுவதற்கு முன்பே தொகையைச் சொல்லிவிடு. நீ பருப்பைப் பொட்டலம் போடுவதற்குள் அவர்கள் ஸ்கேன் பண்ணி முடித்திருப்பார்கள். க்யூஆர் அட்டை இரண்டு இடத்தில் இருக்கட்டும். யுபிஐ லைட்டில் ஆயிரம் ரூபாய் வரைக்கும் பின் நம்பரே போட வேண்டாம். அடிக்கடி வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடு.

பணம் வந்ததா என்று அவர்கள் போனை எட்டிப் பார்க்காதே. ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், பச்சை டிக் போட்ட ஸ்கிரீனைக் காட்டியதை நம்பி 840 ரூபாய்ச் சாமானைக் கொடுத்துவிட்டேன். இரவு கணக்குப் பார்த்தால் அந்தப் பணம் வரவே இல்லை. சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உன் போனில் மெசேஜ் வர வேண்டும். பாக்ஸுக்கு மாத வாடகை உண்டு, கேட்டுக்கொண்டு வாங்கு.

இனிமேல் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள். பேங்க் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, வருஷ வியாபாரம் 20 லட்சம் வரை உள்ள சின்னக் கடையிடம் மெஷினில் 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. கிரெடிட் கார்டுதான் கடிக்கும். இரண்டு சதவீதம் என்று வைத்தால் ஆயிரம் ரூபாய் பில்லுக்கு இருபது ரூபாய் போய்விடும். கிலோவுக்கு ஒரு ரூபாய் லாபம் வைத்து 45 ரூபாய்க்குச் சர்க்கரை விற்றால் அதில் 90 பைசா கார்டுக்கே சரி. மெஷின் வாங்குமுன் எந்தக் கார்டுக்கு எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்கு. ரொக்கத்துக்கும் செலவு இருக்கிறது. கட்ட பேங்குக்குப் போகும் நேரம், கள்ள நோட்டு, இரவில் எண்ணும்போது வரும் துண்டு.

சில நேரம் அவர்கள் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உனக்கு வந்திருக்காது. சண்டை போடாதே. பணம் வந்து சேரவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் அவர்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. அவர்கள் போனில் அந்தப் பணம் அனுப்பியதற்குக் காட்டும் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, தெரிந்த முகமாக இருந்தால் சாமானைக் கொடுத்து அனுப்பு. வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார்.