சீனியில் சீனி இல்லையா?

படிவம் இரண்டு மாணவர்களுக்கு ஊட்டச்சத்துப் பாடத்தில் உணவுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் வீட்டிலிருந்து சிறு பொட்டலத்தில் வெள்ளைச் சீனி கொண்டுவந்திருந்தான். அதைத் தண்ணீரில் கரைத்து, பெனடிக்ட் கரைசல் சேர்த்து, சோதனைக்குழாயை வெந்நீரில் வைத்தான். ஐந்து நிமிடம் ஆயிற்று. பக்கத்துக் குழுவின் குளுக்கோஸ் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. இவனுடையது மட்டும் நீலமாகவே இருந்தது.

"டீச்சர், சீனியில சீனி இல்ல!"

வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் கண்டது தவறில்லை. பெனடிக்ட் கரைசலில் இருக்கும் செம்பு அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய சர்க்கரைகள்தான் நிறத்தை மாற்றும். குளுக்கோஸ் கொடுக்கும், பிரக்டோஸும் கொடுக்கும். நாம் தேநீரில் போடும் சீனியோ சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் கைகோத்து நிற்கும் மூலக்கூறு அது. எலக்ட்ரான் கொடுக்க வேண்டிய கைகளாலேயே இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருப்பதால், கரைசல் ஒன்றும் அறியாதது போல் நீலமாக இருந்துவிடுகிறது.

அந்தப் பிடியை விடுவிக்க வேண்டும். புதிய சீனிக் கரைசலில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சூடாக்கினோம். ஆறியதும் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரைப்பது நிற்கும்வரை அமிலத்தைச் சமன்செய்தோம். பிறகு பெனடிக்ட். இம்முறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக் கடைசியில் செங்கல் சிவப்பு. வகுப்பில் சத்தமே இல்லை.

நம் உடலுக்கு இந்த அமிலச் சூடு தேவையில்லை. சிறுகுடல் சுவரில் உள்ள சுக்ரேஸ் என்ற நொதி அந்தப் பிடியை எளிதாகப் பிரித்துவிடும். குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்கும், கணையம் இன்சுலினைச் சுரக்கும். பிரக்டோஸின் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகும். கொய்யாப்பழத்திலும் இதே சர்க்கரைகள் உண்டு. ஆனால் அதை மெல்ல வேண்டும், நார்ச்சத்து வேறு சேர்ந்து வருகிறது, வயிறும் நிறைகிறது. இனிப்புப் பானத்தில் மெல்வதற்கு எதுவும் இல்லை. மடக்கென்று குடித்துவிட்டு, அதற்கு மேல் சாப்பாட்டையும் வழக்கம்போல் சாப்பிடுகிறோம்.

இவ்வளவு பாடம் எடுக்கும் நான் ஒழுங்கா என்றால், இல்லை. சென்ற ஆண்டு ஒரு மருத்துவப் பரிசோதனையில், வெறும் வயிற்றில் எடுத்த என் இரத்தச் சர்க்கரை 6.4 மில்லிமோல் என்று வந்தது. 7.0 தொட்டால் நீரிழிவு. எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கூறியதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கில் நானும் சேரக்கூடும் என்று மட்டும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசை எடுத்தேன். நான் போடும் தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பால், ஏறக்குறைய 40 கிராம். கெட்டிப்பாலின் எடையில் பாதிக்குச் சற்று மேலேயே சர்க்கரைதான். ஆக ஒரு கிளாஸில் 20 கிராமுக்குக் குறையாது. நாளுக்கு மூன்று கிளாஸ் என்றால் 60 கிராம். பாலுக்கே உரிய சர்க்கரையை இதில் கழித்தாலும் மீதி கொஞ்சமல்ல. ஒரு நாளில் 2,000 கலோரி சாப்பிடுபவர், சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து பெறுவது அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது 200 கலோரி. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, எனவே 50 கிராம். பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. பிஸ்கட்டையும் கேக்கையும் நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

கடைப் பானங்களில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு அரசாங்கம் வரி விதிக்கிறது. தொடக்கத்தில் அது லிட்டருக்கு 40 சென். இப்போது அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் பானங்களைக் கடையில் எளிதாகக் காணலாம். போத்தலில் 4.8 என்று இருந்தால் குறைவாகத் தோன்றும். ஆனால் அது 100 மில்லிலிட்டருக்கு. 500 மில்லிலிட்டர் போத்தலை முழுதும் குடித்தால் 24 கிராம், ஐந்தாறு தேக்கரண்டி. எண்ணைப் பெருக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் நச்சரிக்கிறேன். உணவுக்கடையில் கலக்கித் தரும் தேநீருக்கு இந்த வரியும் இல்லை, லேபிளும் இல்லை.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விடியுமுன் பேருந்து ஏற வேண்டியவர்களில் பலர் பசியாறாமல் வருகிறார்கள். ஓய்வு மணி அடித்ததும் நிறத் தண்ணீரும் பொரித்த பலகாரமும் கையில் இருக்கும். பசித்தவனிடம் மன உறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் தின்பண்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன், காலைச் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள் என்பதே என் கட்சி.

சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வீடுகளில் இது சறுக்கும் இடம் தோசை நாள். மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி, ஒரு இனிப்புத் தேநீர் என்றால் தட்டு முழுக்க மாவுச்சத்தும் கொழுப்பும்தான். ஒரு தோசையைக் குறைத்து, அவித்த முட்டையோ கெட்டியான பருப்புச் சாம்பாரோ சேர்த்து, வெள்ளரிக்காயை நறுக்கி வைத்தால் பத்து மணி வரை பசி தாங்கும். இரவே கொண்டைக்கடலையை ஊறவைத்தால் காலையில் சுண்டல். அதை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தால் ஓய்வு நேரமும் கடந்துவிடும்.

நாக்கைப் பழக்குவதுதான் கடினம். நான் ஒரேயடியாக நிறுத்தி, நான்காம் நாள் தோற்றேன். பிறகு வாரத்துக்கு அரைக் கரண்டி என்று கெட்டிப்பாலைக் குறைத்தேன், மூன்று கிளாஸை ஒன்றாக்கினேன். ஏழாவது வாரம் ஒரு விருந்தில் கொடுத்த பழைய அளவுத் தேநீரைப் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்: நீங்கள் இன்று குடித்த பானத்தின் லேபிளைப் பார்த்து, மொத்தச் சர்க்கரையைக் கணக்கிட்டு, அதே அளவு சீனியைத் தராசில் நிறுத்து ஒரு காலிக் கிளாஸில் கொட்டி மேசைமேல் வையுங்கள். தராசு இல்லாவிட்டால், மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கொள்ளலாம். என் வீட்டில் அந்தக் கிளாஸ் எறும்பு வரும்வரை மேசையில் இருந்தது.